கூரையைத் தாண்டிய செண்பகம்

மகனே,

நீ ஏற்பாடு செய்து அனுப்பிய மரம் வெட்டுகிற ஆள் இன்று காலையில் வந்தார். சாயா கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஸலாம் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இந்நேரம் நீ மஸ்கட்டில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததா என்று உட்கார்ந்திருப்பாய். முடியவில்லை. செண்பகம் அப்படியேதான் நிற்கிறது. இப்போது ஸலாம் சொல்கிறேன். உன் அம்மா சுகம், நானும் சுகம். நான் சுகமாக இருப்பதை இந்தக் கடிதத்தில் இன்னும் சில இடங்களில் சொல்வேன். ஏன் சொல்கிறேன் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இத்தனை வருஷமாக நாம் இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை, அவ்வளவுதான்.

ஃபோனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நான் ஆரம்பித்தால் "சரி அத்தா, சரி அத்தா, டியூட்டிக்கு நேரமாச்சு" என்பாய். அதோடு பேச்சு முடியும். மலையாளத்தில் எழுதினால் ஒரே மூச்சில் ஓட்டமாக வாசித்துவிடுவாய். தமிழென்றால் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும், அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். மெதுவாக வாசி. கடைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பாய் விற்கிறவரின் தம்பி வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் அம்மா ஒரு டப்பா உண்ணியப்பமும் தருவாள். கடிதத்தை வாசித்துவிட்டு அப்புறம் டப்பாவைத் திற.

உன் கல்யாண மறுவீட்டு விருந்துக்கு முற்றத்தில் பந்தல் போடணும், மரம் இடைஞ்சலாக இருக்கும், மேல் கிளையை இறக்கிவிடுங்கள் என்று சொன்னாய். நான் சாக்கு வியாபாரி, பந்தல்காரன் இல்லை. இருந்தாலும் பந்தல் தரையில் கால் ஊன்றி நிற்கும் என்கிற அளவுக்கு எனக்கும் தெரியும். இடைஞ்சல் என்றால் கீழ்க்கிளையைத்தானே எடுக்கச் சொல்ல வேண்டும், உச்சியை எதற்கு எடுக்க வேண்டும்? வந்த ஆள் தேனிப் பக்கத்துக்காரர், வெள்ளந்தியான மனுஷன். "பையன் சொன்னாருங்கண்ணே, ஓட்டு முகட்டுக்கு ஒரு சாண் கீழ நிக்கணும்னு. ரெண்டு மூணு தடவ சொன்னாரு, ஒரு சாண் கட்டாயம் கீழ இருக்கணும்னு" என்றார். உன் அம்மா அடுக்களை வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த ஒரு சாண் யாருக்காக என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அதை இப்போது வெளியே எடுத்து வைத்துவிடுகிறேன். வீட்டு முற்றத்தில் செண்பகம் வைத்து, அது கூரையைவிட உயரமாகப் போனால் வீட்டுக்காரன் உயிர் போய்விடும் என்று இந்த மட்டாஞ்சேரிப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பக்கத்து வீட்டுச் சரளச் சேச்சி, நீ சின்னப் பையனாக இருந்தபோது, நான் செடி வைத்த அன்றைக்கே மதிலுக்கு மேல் தலையை நீட்டி அதைச் சொன்னாள். "செம்பகம் புரயேக்காள் வளர்ந்நால் புரக்காரன் போகும், கேட்டோ." நான் சிரித்துவிட்டு மண்ணை மிதித்தேன். பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நின்றிருந்த நீ சிரிக்கவில்லை. அதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

அந்த மரத்தை நான் ஏன் வைத்தேன் என்று உனக்குச் சொன்னதாக ஞாபகம் இல்லை. கொச்சங்காடியில் சாக்குக் கடை வைத்திருக்கிறவனுக்குச் சொந்தமாக ஒரு வாசனை கிடையாது. மிளகுக் குடோனில் இருந்து சாக்கு வந்தால் மிளகு, சுக்குக் குடோனில் இருந்து வந்தால் சுக்கு, தோப்பும்படி மீன்துறையில் இருந்து வந்தால் கருவாடு. கிழிசலைத் தைத்து, உதறி, கட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் உன் அம்மா சட்டையை வாங்கும்போதே "இன்னைக்கு மஞ்சளா?" என்பாள். கல்யாணமான புதிதில் அவள் அப்படிக் கேட்பது எனக்குக் கூச்சமாக இருக்கும். ஊரார் சரக்கின் வாசனையெல்லாம் என் உடம்பில் ஏறுகிறது, என் வீட்டுக்கென்று ஒரு நல்ல வாசனை இருந்தால் என்ன என்று ஓர் ஆசை. மல்லிகைப் பந்தல் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. எனக்கு மரமாகவே வேண்டும். நின்றால் தெருவுக்கே தெரிய வேண்டும். இதை ஆசை என்பதா திமிர் என்பதா, நீயே பெயர் வைத்துக்கொள்.

முதலில் வைத்த கன்றை நானே கொன்றேன். திருப்பூணித்துறையில் ஒரு நர்சரியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த கன்று. கடையில் சாக்கு அலசிய தண்ணீர் வீணாகப் போகிறதே என்று அதைக் குடத்தில் கொண்டுவந்து தினமும் ஊற்றினேன். அது கருவாட்டுச் சாக்கு அலசிய தண்ணீர், முழுக்க உப்பு. கன்று கருகிக்கொண்டே வந்தது. கருகுகிறதே என்று நான் இன்னும் அதிகமாக ஊற்றினேன். உன் அம்மா ஒரு நாள் குடத்தை மோந்து பார்த்துவிட்டு, "செடிக்குக் கொழம்பு வெக்கிறீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு இன்னொரு உண்மையும் புரிந்தது. கருவாட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும் நம் மண் உப்புதான். காயலில் கடல்நீர் ஏறி ஏற்றம் வரும்போது ஓடை வழியாக முற்றத்துக்குள் உப்புத் தண்ணீர் வந்து நின்றுவிட்டுப் போகும். இந்த மண்ணில் தென்னை நிற்கும், செண்பகம் நிற்காது.

இரண்டாவது கன்றுக்குத்தான் கிணற்று உறை வாங்கினேன். ஒரு உறைக்கு மேல் இன்னொன்று வைத்து, அதற்குள் வெளியூர்ச் செம்மண்ணும் சாணமும் நிரப்பி, ஏற்றத் தண்ணீர் தொடாத உயரத்தில் கன்றை வைத்தோம். நீதான் மண் அள்ளிக் கொடுத்தாய். மரத்தைத் தொட்டியில் வைக்கிற கிறுக்கன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதற்கப்புறம் கடையில் மிளகுச் சாக்கும் சுக்குச் சாக்கும் உதறினால் விழுகிற தூசியைக் கொண்டுவந்து அடியில் போடுவேன். பூச்சி வராது என்று என் கணக்கு. அது சரியா தப்பா என்று இன்று வரை தெரியாது, ஆனால் பூச்சி வந்ததில்லை. கன்று தளிர்த்தது. உன் தோளுக்கு வந்தது, பிறகு என் தோளுக்கு வந்தது, பிறகு மதிலைத் தாண்டியது. அதோடு நின்றுவிட்டது.

நின்றது என்றால் சாகவில்லை. குடை மாதிரி பக்கவாட்டில் பரந்தது. மேலே போகிற குருத்து மட்டும் எப்போது பார்த்தாலும் ஒடிந்து கிடக்கும். காக்காய் என்று நினைத்தேன். வௌவால் என்று நினைத்தேன். மின்சாரக் கம்பிக்குக் கிளை வெட்ட வருகிறவர்கள் மேல் கொஞ்ச நாள் சந்தேகப்பட்டேன், ஆனால் நம் முற்றத்துக்கு மேல் கம்பியே போகவில்லை. கடைசியில் பழியைத் தெருமுனை மொய்தீன் இக்காவின் ஆட்டின் மேல் போட்டேன். நம் மட்டாஞ்சேரி ஆடுகளை உனக்குத் தெரியாதா, சுவரொட்டியைக்கூட உரித்துத் தின்னும். நேராகப் போய் "இக்கா, உங்க ஆட்டைக் கட்டி வைங்க, என் மரத்தை வளர விடமாட்டேங்குது" என்றேன். அவர் எழுந்து வந்து, மரத்தைப் பார்த்து, ஆட்டைப் பார்த்து, என்னையும் பார்த்தார். "எடோ, என்டெ ஆடு ஒட்டகமாணோ?" என்றார். தெருவே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் அவரோடு ரொம்ப நாள் பேசவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளியில் இருந்து கொஞ்சம் முன்னதாக வந்துவிட்டேன். வீட்டுப் பக்கச் சந்தில் திரும்பும்போது மதில் மேல் உன்னைப் பார்த்தேன். தொழுகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, கையில் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி. எக்கி எக்கிக் குருத்தை இழுத்து ஒடித்துக்கொண்டிருந்தாய். ஒடித்ததைக் கீழே போடாமல் பைக்குள் வைத்தாய். அதற்கப்புறம் கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, ஓட்டு முகட்டையும் மரத்தையும் அளவு பார்த்தாய். எனக்குத் தலைக்கேறிய கோபத்துக்கு அன்றைக்கு உன் முதுகுத் தோல் உரிந்திருக்கும். நேராக அடுக்களைக்குப் போய் உன் அம்மாவிடம் கத்தினேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

"சத்தம் போடாதீங்க, எனக்குத் தெரியும்" என்றாள். "சேச்சி சொன்னத அவன் மனசுல வச்சிருக்கான். உங்களுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னு பண்றான்."

"பைத்தியக்காரத்தனம். நான் அவனக் கூப்பிட்டு விளக்கமாக் கேக்கறேன்."

"கேக்காதீங்க. கேட்டா அவன் பதில் சொல்லணும். சொன்னா 'அத்தா செத்துருவாங்க'ன்னு அவன் வாயால வரணும். அது வேணுமா உங்களுக்கு?"

வேண்டாம் என்றுதான் தோன்றியது. அவள் இன்னொன்றும் சொன்னாள். இந்த மாதிரி பேச்சையெல்லாம் நம்புவது பெரிய தப்பு என்று மதரஸாவில் உஸ்தாத் சொல்லிக் கொடுத்திருக்கிறார், அதனால்தான் நீ யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதைக் கேட்டதும் என் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அத்தா போய்விடுவாரோ என்று ஒரு பயம், அதை நம்புவதற்கு அல்லாஹ் கோபிப்பானோ என்று இன்னொரு பயம், இரண்டையும் அந்த வயதில் நீ தனியாகச் சுமந்துகொண்டு மதில் ஏறியிருக்கிறாய். என் ஆயுசுக்காக ஒருத்தன் தொரட்டி பிடிக்கிறான், அவனை நான் எப்படி அடிப்பது? வாசலில் போய்ச் செருப்பைச் சத்தமாக உதறினேன், நான் வந்தது உனக்குத் தெரியட்டும் என்று. நீ குதித்து ஓடிவந்து "அத்தா, பசிக்குது" என்றாய். மறுநாள் மொய்தீன் இக்காவிடம் போய், தப்பாகப் பேசிவிட்டேன் என்றேன். காரணம் சொல்லவில்லை. "ஆடு ஒட்டகமல்ல எந்நு இப்போழாணோ மனசிலாயது?" என்றார். அவருக்கு அந்தச் சிரிப்பு இன்றைக்கும் அடங்கவில்லை.

அதற்கப்புறம் அது நம் வீட்டில் நடக்கிற ஒரு காரியமாகிவிட்டது, அமாவாசைக்கு ஏற்றம் வருகிற மாதிரி. நீ ஒடிப்பாய், நான் பார்க்காத மாதிரி இருப்பேன். நீ காலேஜில் படிக்கும்போது எனக்கு நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரியில் படுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நான் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது மரம் மொட்டையாக நின்றது. இலையென்று சொல்ல ஒரு கைப்பிடி இல்லை. உன் உள்ளங்கையில் கொப்புளம். "கம்பளிப்பூச்சி, அத்தா" என்றாய். "நல்லதாப் போச்சு" என்றேன். அன்றைக்கே உன்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்: எனக்கு நெஞ்சு வலி வந்த அன்று மரம் ஓட்டு விளிம்புக்குக்கூட வரவில்லையேடா, பிறகு என்னத்துக்கு வலித்தது? அது பொரோட்டாவும் பீடியும் செய்த வேலை. பீடியை அன்றைக்கு விட்டேன். பொரோட்டாவைப் பற்றி உன் அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள்.

மஸ்கட் போன பிறகும் லீவுக்கு வந்தால் உனக்கு முதல் வேலை அதுதான். பெட்டியைத் திறப்பதற்கு முன் "முற்றத்தை ஒதுக்கறேன்" என்று கத்தியை எடுப்பாய். கடைசியாக நீ வந்து போனபின் லீவு தள்ளிப்போய்க்கொண்டே வந்தது. கம்பெனியில் ஆள் குறைவு, அப்புறம் கல்யாணத்துக்குச் சேர்த்து எடுக்கிறேன் என்றாய். இரண்டு மழைக்காலம் மரத்தைத் தொட ஆள் இல்லை. அது என்ன செய்யும் பாவம், வளர்ந்தது. நான் தண்ணீர் ஊற்றினேன், தூசி போட்டேன், நிமிர்ந்து பார்த்தேன். ஓட்டின் விளிம்புக்கு வந்தது, பாதி ஓட்டுக்கு வந்தது. ஒரு நாள் கடையில் இருந்து வந்து பார்க்கிறேன், முகட்டுக்கு மேலே ஒரு குருத்து காற்றில் ஆடுகிறது. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, அதுக்கென்ன" என்று உள்ளே போய்விட்டாள். அந்த வாரமே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய், ரத்தம், சுகர், ஈசிஜி எல்லாம் எடுக்க வைத்தாள். எதற்கு என்று கேட்டால் "சும்மாதான், நாளாச்சுல்ல" என்றாள். டாக்டர் பார்த்துவிட்டு, "சேட்டனுக்கு ஒரு குழப்பமும் இல்ல. தடி மட்டும் கொஞ்சம் குறைச்சா மதி" என்றார், உடம்பு கொஞ்சம் இளைத்தால் போதுமாம். அப்புறம்தான் அன்றைக்கு அவள் சோறு சாப்பிட்டாள்.

இத்தனைக்குப் பிறகு ஒரு காலையில் அது பூத்தது. நாங்கள் பூவைப் பார்க்கவில்லை. மழை விட்டு விடிந்த காலை, நான் இன்னும் எழுந்திருக்கவில்லை, உன் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "நேத்து என்ன சாக்கு தூக்குனீங்க?" என்று கேட்டாள். சுக்கு என்றேன். "இது சுக்கு இல்லையே" என்று என் சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். அப்புறம்தான் எனக்கும் அந்த வாசனை வந்தது. இரண்டு பேரும் முற்றத்துக்கு ஓடினோம், இந்த வயதில். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால், இலைக்கு நடுவே பொன் நிறத்தில் ஒரு பூ. எட்டாத உயரம். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு விரிந்து, ஒன்று கீழே விழுந்தது. உன் அம்மா அதை எடுத்துத் தலையில் வைப்பதா தண்ணீரில் போடுவதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். அடுத்த நாள் ஒரு பூவை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். சாக்கு எண்ண வந்த ஆட்கள் எல்லாம் மூக்கைத் தூக்கி, "எந்தா இக்கா, அத்தராணோ?" என்றார்கள். என் மரத்துப் பூ என்று சொன்னேன். அதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று உன் அம்மாவிடம் கேட்காதே.

சரளச் சேச்சிக்கு இப்போது நம் பூ இல்லாமல் விளக்குப் பூஜை நடப்பதில்லை. காலையில் மதிலுக்கு வந்து முதலில், "புரக்காரனு சுகம் தன்னேயல்லே?" என்று என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்ப்பாள். நான் நின்று காட்டுவேன். அதற்கப்புறம்தான் தட்டை நீட்டுவாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நீயும் வைத்துக்கொள்ளாதே. அவள் கேட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. வீடியோ காலில் நீ "முற்றத்தைக் காட்டுங்க" என்றால் உன் அம்மா ஃபோனைக் கீழே பிடித்துக் கிணற்று உறையையும் கோழியையும் காட்டுவாள். "மரம் எவ்வளவு இருக்கு?" என்பாய். "அப்படியேதான் இருக்கு" என்பேன். பாலக்காட்டில் இருந்து பெண் வீட்டார் வந்து, நீ கட்டப் போகிற ரிஸ்வானா மரத்தடியில் நின்று ஒரு ஃபோட்டோ எடுத்து, "உங்க வீட்டு மரம் எவ்ளோ அழகு" என்று உனக்கு அனுப்பியதில்தான் குட்டு உடைந்தது. பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும். நீ ஃபோட்டோவில் அவள் முகத்தைப் பார்த்தாயா, ஓட்டு முகட்டைப் பார்த்தாயா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

கல்யாணம் கட்டப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். என்னிடம் இருப்பது ஒன்றுதான். ஒருத்தியோடு வாழ ஆரம்பித்தால் பயம் கூடும். அவள் பஸ் வர நேரமானால் பயம், காய்ச்சல் இரண்டு நாள் நின்றால் பயம், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் சொல்லவே வேண்டாம். அப்போதெல்லாம் உனக்கு ஒரு தொரட்டியை எடுத்து எதையாவது ஒடிக்கத் தோன்றும். அங்கே போகாதே, இதைச் செய்யாதே, அந்த வேலை வேண்டாம் என்று அவளுடைய குருத்தாகப் பார்த்து ஒடிப்பாய். பந்தல் மாதிரி ஒரு காரணமும் கண்டுபிடிப்பாய். உன் அம்மாவுக்கும் என்னைப் பற்றிப் பயம் இருந்தது, நான் பார்த்தேன். அவள் மரத்தைத் தொடவில்லை, என்னைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். நீ அவள் மாதிரி செய். எனக்குப் பயமாக இருக்கிறது என்று முதலில் வாயைத் திறந்து சொல். ரிஸ்வானா சிரித்தால் சிரிக்கட்டும். இந்த மரத்துக் கதையையும் நீயே அவளிடம் சொல்லு, மாமனார் வாயால் கேட்க வைக்காதே. நானும் உன்னிடம் எப்போதோ சொல்லியிருக்கலாம், உன் பயத்தைக் கலைக்க மனசு வரவில்லை. யாரோ நமக்காகப் பயப்படுகிறார்கள் என்பதில் ஒரு சுகம் இருக்கிறதடா. அதை அனுபவித்துவிட்டேன், போதும்.

மரம் வெட்டுகிறவரைத் திருப்பி அனுப்பியது வாசனைக்காக மட்டும் என்று நினைக்காதே. வாசனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் காலையில் அவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதியிருக்கிறேன்.

நான் ஒரு நாள் போவேன். இப்போது சுகமாக இருக்கிறேன், இன்றைக்கும் இரண்டு கட்டுச் சாக்கைத் தூக்கி வைத்தேன், ஆனாலும் ஒரு நாள் போவேன். எல்லாரும் போகிற வழிதான், அதில் எனக்குக் கிலேசம் இல்லை. மனசு நிறைய வாழ்ந்துகொண்டிருக்கிறேன். அந்த நாளில் இந்த மரம் கூரைக்கு மேலேதான் நிற்கும். இன்னும் உயரமாக நிற்கும். தெருவில் யாராவது ஒருத்தர் மரத்தை அண்ணாந்து பார்த்து, கண்டோ, அன்றைக்கே சொன்னோமே என்பார். நீ விமானம் பிடித்து வந்து கேட்டைத் திறக்கும்போது அது உன் காதில் விழும். நீ வெட்டச் சொல்லி ஆள் அனுப்பியதும், அவர் திரும்பிப் போனதும் உனக்கு ஞாபகம் வரும். இன்னும் ஒரு தடவை வற்புறுத்தியிருக்கலாமே, லீவைத் தள்ளிப் போடாமல் வந்து நானே ஒடித்திருக்கலாமே என்று உன் மனசு உன்னைக் கடிக்கும். உன்னை எனக்குத் தெரியும். ஊரை விட்டுவிடுவாய், மரத்தை விட்டுவிடுவாய், உன்னை மட்டும் விடமாட்டாய்.

ஆகவே இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்துக்கொள். கல்யாணத்துக்காக இன்றைக்கு ஒரு தடவை வாசி, அந்த நாளில் இன்னொரு தடவை வாசி. நீ அத்தனை வருஷம் மதில் ஏறியதில் எனக்கு ஒரு நாளாவது கூடியதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் என் ஆயுசில் நல்ல பங்கு அதுதான். உன் வேலை அங்கே முடிந்தது, தொரட்டியைக் கீழே வை. இந்த மரத்தைக் கூரைக்கு மேல் விட்டவன் நீ இல்லை, நான். தெரிந்துதான் விட்டேன், சந்தோஷமாகத்தான் விட்டேன்.

உன் அத்தா